எழுதாததை எப்படிப் படிக்கிறது?

செப்டம்பர் 9, திங்கள்

விடுமுறைக் கதைக் கட்டை ஒருவழியாகத் திருத்தி முடித்தேன். எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் கடைசி வரியில் தூங்கி எழுந்துவிடுகிறார்கள். பூதம் துரத்தும், கப்பல் கவிழும், ஊரே தீப்பிடிக்கும். பிறகு, ‘எல்லாம் கனவு.’ கெய்தா ஒருபடி மேலே போய், கனவுக்குள் ஒரு கனவு கண்டு, இரண்டிலிருந்தும் எழுந்து, பல் தேய்க்கப் போயிருக்கிறான்.

வாசிப்புத் தாள் இன்னும் மோசம். ‘அவருடைய மனநிலை என்ன?’ என்று எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான், சோகம். பெரிய மீனைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடுகிறவனுக்கும் சோகமாம்!

ஃபுமினோ இவாகி மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள். ‘உரையில் சொல்லப்படவில்லை.’ ஏழு கேள்விக்கும் அதே.

செப்டம்பர் 13, வெள்ளி

ஃபுமினோவைக் கூப்பிட்டுப் பேசினேன். வளைகுடாவில் கூண்டுகளை மிதக்கவிட்டு மீன் வளர்க்கும் இவாகியின் மகள். நிமிர்ந்து நிற்பாள், நேராகப் பார்ப்பாள்.

“டீச்சர், எழுதியிருக்கிறதைத்தானே படிக்கணும்? எழுதாததை எப்படிப் படிக்கிறது?”

“ஊகிக்கணும்மா.”

“ஊகிச்சா தப்பாயிடும். எங்கப்பா எல்லாத்தையும் ஊகிப்பாரு. பாதி தப்பு.”

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பதிலுக்குக் காத்திருந்தாள். என்னிடம் பதில் இல்லை என்று தெரிந்ததும் தலை குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள்.

பத்து வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். ஏன் என்னிடம் பதில் இல்லை?

செப்டம்பர் 17, செவ்வாய்

மொரிசாகு சார் பயிற்சித்தாள் கட்டு ஒன்றை என் மேசையில் வைத்தார். எட்டாம் வகுப்புக்கு அவர்தான் பொறுப்பு.

“தகாசே டீச்சர், நவம்பர்ல மாவட்ட வாசிப்புத் தேர்வு. கதை எழுதறதெல்லாம் அதுக்கப்புறம் வெச்சுக்கலாமே?”

“எழுதினாத்தான் சார் படிக்க வரும்.”

“யார் சொன்னது?”

நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு வகுப்பு மட்டும் எனக்கு, மீதியெல்லாம் அவர் தாளுக்கு என்று பேரம் முடிந்தது.

செப்டம்பர் 20, வெள்ளி

பலகையில் எழுதினேன்: ‘எங்கள் வீட்டில் ஒரு காலை.’ கீழே விதி. சோகம், மகிழ்ச்சி, கோபம், பயம் — இந்த மாதிரி ஒரு சொல்கூட வரக்கூடாது. கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும். கனவு கண்டிப்பாகக் கூடாது.

கெய்தா எழுந்தான். “டீச்சர், கனவும் கூடாதுன்னா கதையை எப்படி முடிக்கிறது?”

“நிறுத்து, போதும்.”

“பாதியிலயா?”

வகுப்பே அவனுக்காக வருத்தப்பட்டது. ஃபுமினோ அதற்குள் எழுத ஆரம்பித்திருந்தாள். அவளுக்கு இந்த விதி விதியாகவே தெரியவில்லை போல.

செப்டம்பர் 21, சனி

கெய்தாவின் கதாநாயகன் கடைசியில் மயங்கி விழுகிறான். கனவு இல்லை. சட்டப்படி சரி.

ஃபுமினோ ஒரு பக்கம்கூட எழுதவில்லை. சில வரிகளை இங்கே எழுதி வைக்கிறேன், தொலைந்துவிடக் கூடாது:

‘அம்மா சோறும் மீசோ சூப்பும் வைப்பாள். அப்பா ஜன்னலருகே நிற்பார். சித்தப்பாவின் படகு எங்கள் கூண்டுகளைக் கடக்கும். அப்பா நிற்பார். படகு அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டும். அப்பா வந்து உட்காருவார். சூப் ஆறியிருக்கும். அம்மா அதைத் திரும்பச் சூடாக்குவாள். ஒன்றும் கேட்கமாட்டாள்.’

இரண்டு வருஷம் முன்பு புயலில் யார் படகுக் கயிறு அறுந்து யார் கூண்டை இடித்தது என்று அண்ணனுக்கும் தம்பிக்கும் தகராறு. அதிலிருந்து பேச்சு இல்லை. பக்கத்துப் பக்கத்தில் படகு கட்டுகிறார்கள், முகம் பார்ப்பதில்லை. ஊருக்கே தெரியும். ஜன்னல் சமாசாரம் யாருக்கும் தெரியாது.

காபி வைத்திருந்தேன், ஆறிப்போயிற்று.

செப்டம்பர் 27, வெள்ளி

ஃபுமினோவிடம் கேட்டுக்கொண்டுதான் அதை வகுப்பில் படித்தேன். “படிங்க டீச்சர், நடந்ததுதானே,” என்றாள்.

படித்து முடித்ததும் பின் வரிசையிலிருந்து ஒருத்தி, “தம்பி பத்திரமா போய்ச் சேரணுமேன்னு நிக்கிறாரு,” என்றாள். அவ்வளவுதான், எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். எங்கே சொல்லியிருக்கு? எங்கேயும் இல்லை. அப்புறம் எப்படித் தெரிஞ்சது? படகு தாண்டின பிறகுதானே உட்காருகிறார்! அம்மாவுக்குத் தெரியுமா? தெரியும், அதனால்தானே கேட்கவில்லை!

அவர்களே கேள்வித்தாள் தயாரித்தார்கள். கேள்விக்குக் கேள்வி ‘ஆதாரத்தோடு எழுதுக’ என்று வேறு போட்டார்கள். மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை.

ஃபுமினோ வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். “நான் அப்படி எழுதவே இல்லையே,” என்றாள் மெதுவாக.

இன்றைக்கு நான் ராணி. திரும்பும் வழியில் எனக்கு நானே ஒரு கேக் வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர் 30, திங்கள்

கேக் தின்ற வாய்க்கு நன்றாக வேண்டும்.

கெய்தாவின் அம்மா மீனவர் கூட்டுறவில் வேலை பார்க்கிறாள். அவன் வெள்ளிக்கிழமை மாலையே அவளிடம் ஒப்பித்திருக்கிறான். சனிக்கிழமை துறைமுகம் முழுக்க இதே பேச்சு. ‘என்னப்பா இவாகி, சூப் ஆறிடுச்சா?’ என்று கேட்டே அவரைக் கொன்றிருக்கிறார்கள்.

ஃபுமினோ இடைவேளையில் வந்தாள். “டீச்சர், இனிமே நான் எழுத மாட்டேன். அப்பா இப்ப ஜன்னல்கிட்ட நிக்கிறதில்ல.”

எழுதாததுகூடப் பரவாயில்லை. ஜன்னல்... அதைக் கெடுத்தது நானல்லவா? அவள் சம்மதித்தாள் என்று சொல்லித் தப்பிக்கவா முடியும்? பதின்மூன்று வயசுப் பிள்ளை. வகுப்பில் படித்தால் ஊரில் படித்த மாதிரி என்று எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

அக்டோபர் 1, செவ்வாய்

மொரிசாகு சார் என் மேசையில் இன்னொரு கட்டுத் தாள் வைத்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 3, வியாழன்

இவாகி வந்தார். கதவில் நின்றதுமே ஆசிரியர் அறையில் மீன் வாடை. பள்ளிக்குள் போட்டுக்கொள்ள விருந்தினருக்குக் கொடுக்கும் செருப்பு அவர் பாதத்தில் பாதிக்குத்தான் வந்தது.

“என் வீட்டு ஜன்னலை எதுக்கு டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தீங்க?”

மன்னிப்புக் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு இன்னொரு முறை கேட்டேன். அவர் போகவில்லை.

“அப்படி என்னதான் எழுதியிருக்கா? ஊரே படிச்சிருக்கு, நான்தான் படிக்கல.”

கொடுத்தேன். நின்றபடி படித்தார். உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். பிறகு அடியில் இருந்த தாளைக் காட்டி, “இது என்ன?” என்றார். “பிள்ளைங்க போட்ட கேள்விங்க.” என்ன தோன்றியதோ, என் பென்சிலை எடுத்துக்கொண்டு எழுத ஆரம்பித்துவிட்டார்!

அவரைத் தேடிக்கொண்டு ஃபுமினோ வந்தபோது, அவளுடைய அப்பா நாக்கைத் துருத்திக்கொண்டு பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார். அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அப்பா ஏன் ஜன்னலருகே நிற்கிறார்? ‘காற்று எப்படி என்று பார்க்க.’

“தப்பு.”

“என்னடி தப்பு? நான்தானே நிக்கிறேன்!”

“காத்துப் பாக்கணும்னா வாசல்ல இறங்கிப் பாப்பீங்க. சித்தப்பா படகு தாண்டினதும் ஏன் உட்கார்றீங்க? அந்த வரியைப் படிங்கப்பா.”

படித்தார். அழித்தார். ரொம்ப நேரம் யோசித்து எழுதினார்: ‘எஞ்சின் சத்தம் சரியில்லை.’

“கதையில எஞ்சினே வரலையே!”

“கதையில இல்ல. காதுல இருக்கு.” அவர் குரல் இறங்கிவிட்டது. “வசந்த காலத்துலேர்ந்து அப்படித்தான் இருக்கு. என்னைக்கு நடுக்கடல்ல நிக்கப் போகுதோ. அவனுக்குக் கேக்காது, அவன் பாட்டுப் போட்டுக்கிட்டுப் போவான்.”

ஃபுமினோ முகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்த ஜன்னலை இத்தனை நாள் பார்த்தவளுக்கே இது தெரியாது. “எப்படிச் சத்தம்?” என்றாள்.

“டுகு டுகு டுகு... க்ஹ். டுகு டுகு... க்ஹ்.”

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மொரிசாகு சார் கண்ணாடியைக் கழற்றினார்.

அடுத்தது, அம்மா ஏன் ஒன்றும் கேட்கவில்லை? இவாகி ஒரே சொல்லில் முடித்தார்: ‘தெரியும்.’ ஃபுமினோ சிவப்புப் பேனாவால் அதற்கு ஒரு பெரிய வட்டம் போட்டாள். முழு மதிப்பெண். முதல் கேள்விக்குப் பாதிதான். “உரையில ஆதாரம் இல்லப்பா.”

“அப்ப நீ எழுதியிருக்கணும்,” என்று எழுந்தார் மனிதர்.

அக்டோபர் 4, வெள்ளி

ஃபுமினோ கதையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். திருத்தி எழுதப் போகிறாளாம். எழுதுகிறாள்! “வகுப்புல படிக்க வேண்டாம் டீச்சர்.” சரி என்றேன். இனி யார் எழுதியதும் வீட்டில் உள்ளவர்களிடம் கேட்காமல் வகுப்பில் படிப்பதில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

இன்று கெய்தா மயங்காமல் ஒரு கதையை முடித்தான். கதாநாயகன் பேருந்தைத் தவறவிட்டு நிற்கிறான், அத்தோடு நிறுத்தியிருக்கிறான். “இது முடிஞ்சிருச்சா டீச்சர்?” என்று சந்தேகத்தோடு கேட்டான். “நீயே சொல்லு,” என்றேன். “முடிஞ்ச மாதிரியும் இருக்கு, வலிக்கிற மாதிரியும் இருக்கு.” கட்டிப்பிடிக்கத் தோன்றியது. தலையைத் தட்டினேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

ஃபுமினோ நடைபாதையில் என் பின்னாலேயே வந்தாள்.

“டீச்சர், சித்தப்பாகிட்ட போனேன்.”

“கதையைக் காட்டினியா?”

“இல்ல. அப்பா போட்ட சத்தத்தைப் போட்டுக் காமிச்சேன். டுகு டுகு க்ஹ். ரொம்ப சிரிச்சாரு. ‘யார் சொன்னது?’ன்னு கேட்டாரு. நான் சொல்லல. அப்புறம் சிரிக்கல. வலையை எடுத்து ஓரமா வெச்சாரு, திரும்ப எடுத்தாரு, திரும்ப வெச்சாரு.”

“அவர் மனநிலை என்னவா இருக்கும்?”

முறைத்தாள். “வலையை எங்க வைக்கிறதுன்னு தெரியல அவருக்கு. அவ்வளவுதான் பாத்தேன்.”

அக்டோபர் 18, வெள்ளி

மழை. மாதிரித் தேர்வு முடிவு. வகுப்பு சராசரி கொஞ்சம் ஏறியிருக்கிறது. ரொம்ப இல்லை. மொரிசாகு சார் தன் தாளால்தான் என்கிறார். இருக்கட்டும். ஆனால் ‘சோகம்’ என்று ஒரே ஒருவன்தான் எழுதியிருந்தான், அந்தக் கதையில் வருகிறவனுக்கு நிஜமாகவே சோகம்தான்.

பிற்பகல் சார் என் மேசைப் பக்கம் வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, “அந்த ஜன்னல் கதை... திருத்தின பிரதி உங்ககிட்ட இருக்கா?” என்றார்.

இல்லை, அவளிடம்தான் இருக்கிறது என்றேன். முகம் விழுந்துவிட்டது அவருக்கு.

அக்டோபர் 24, வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. கமலா ஆரஞ்சு வந்துவிட்டது. உரித்து உரித்துப் பாதி வகுப்பின் விரல் மஞ்சள்.

அக்டோபர் 28, திங்கள்

ஃபுமினோ வீட்டுப்பாடம் கொண்டுவரவில்லை. இந்த வருஷத்தில் முதல் தடவை. கண் வீங்கி, கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றாள்.

“ஏன்?”

“வீட்டுல எழுத முடியல டீச்சர். அப்பாவும் சித்தப்பாவும் சனிக்கிழமையிலேர்ந்து எங்க கூடத்துல எஞ்சினைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு ஒரே சண்டை. நீ அன்னைக்குக் கயித்தை ஒழுங்கா கட்டலன்னு இவரு, உன் கூண்டு ஏன் அங்க வந்துச்சுன்னு அவரு. கத்தறாங்க, சாப்பிடறாங்க, திரும்பக் கத்தறாங்க. அம்மா மூணு தடவை சோறு வெச்சா. என் மேசை மேலகூட நட்டும் போல்ட்டும்.”

“சரி, நாளைக்குக் கொண்டு வா.”

“நாளைக்கும் முடியாது போலிருக்கு டீச்சர்,” என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு.