ரெமி என்றொரு சொல்

மணிலா
10 பிப்ரவரி 2008

என் தம்பி டொமெங்கைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் அருமை ரெமிக்கு,

உன் நாத்தனார் ஃபெலி எழுதுகிறேன். தபால் தலை வாங்க வரிசையில் நின்று எத்தனை வருஷமாயிற்று தெரியுமா? நவம்பர் புயலுக்குப் பிறகு உன் செல்போன் அணைந்தே கிடக்கிறது. டொமெங்கைக் கேட்டால், "எல்லாரும் நல்லா இருக்கோம், மனாய்" என்று வைத்துவிடுகிறான். அக்காவிடம் பேச அவனுக்கு அவ்வளவுதான் வார்த்தை. புயலுக்கு முன்னால் உன் ஆபீஸிலிருந்து ஊருக்கு அனுப்ப நீ எழுதிய எச்சரிக்கைச் செய்தியைத் திருத்திக் கொடுத்தேனே, அது உதவியதா என்றாவது சொல்லியிருக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் ஞாயிற்றுக்கிழமை வானொலி நிகழ்ச்சி நன்றாகப் போகிறது. நிகழ்ச்சி கேட்பவர்கள் கொச்சைச் சொல் ஒன்றை மெசேஜில் அனுப்புவார்கள், அது எங்கே பிறந்தது என்று நான் சொல்வேன். போன வாரம் நான் பாடம் எடுக்கும் கல்லூரி வாசலில் ஜீப்னி வண்டிக்கு நிற்கும்போது பின்னால் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"வரேன்னானே உன் ஆளு, வந்தானா?"

"எங்க வந்தான். சினிமாக் கொட்டகைக்கு வாடின்னான். எந்தக் கொட்டகைன்னு சொல்லாம போனை அணைச்சுட்டான். என்னை நல்லா ரெமி பண்ணிட்டான்டி."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாதி சேதி சொல்லித் தப்பான இடத்துக்கு அனுப்புவதுதான் ரெமி பண்ணுவதாம். என் வகுப்பிலேயே நான்கு பேருக்கு இந்தச் சொல் தெரிந்திருக்கிறது. உன் பெயர் தலைநகரம் வரை வந்துவிட்டது, பார்த்தாயா? உங்கள் பிக்கோல் பக்கத்திலிருந்து வந்தது என்கிறார்கள். உங்கள் ஊரில் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? விசாரித்து எழுது.

பிலி கொட்டை அனுப்ப மறந்துவிடாதே.

அன்புடன்,
ஃபெலி

சான் ரோகே, அல்பாய்
21 பிப்ரவரி 2008

அன்பும் மரியாதையும் உள்ள மனாய் ஃபெலிக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். டொமெங்குக்கு இருமல் விடவில்லை, சொன்னாலும் சிகரெட்டை விடமாட்டார். புயலில் போன கூரையை மாற்றிவிட்டோம். எரிமலை இரண்டு நாளாக மேக முக்காட்டை எடுத்து முகம் காட்டுகிறது. பிலி கொட்டை இந்த வருஷம் மரத்தோடு போயிற்று, அடுத்த அறுவடைக்குத்தான்.

செல்போன் பழுது. சரி செய்ய நேரமில்லை.

அந்தச் சொல்லை இங்கே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளைகள் ஆயிரம் சொல்வார்கள், அதையெல்லாம் வானொலியில் சொல்லி எதற்கு ஊர் வாயில் ஏற்ற வேண்டும்? வேறு நல்ல சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவைக் குறிக்கிற பட்டெர் என்ற பழைய வார்த்தையை முன்பின்னாகத் திருப்பி எர்பட் என்கிறார்களே, அதைச் சொல்லுங்கள்.

உங்கள்
ரெமி

மணிலா
2 மார்ச் 2008

அருமை ரெமி,

நீ பொய் சொல்லத் தெரியாதவள். முகத்துக்கு நேரே சொன்னாலும் தெரியும், காகிதத்தில் சொன்னாலும் தெரியும்.

என் மாணவன் ஒருவன் உங்கள் ஆற்றுக்கு அந்தக் கரைக்காரன். அவனை வகுப்பில் எழுப்பிக் கேட்டேன்.

"சொல்லுடா, ரெமின்னா யாரு?"

"எங்க டவுன் ஆபீஸ்ல ஒரு அக்கா இருக்காங்க டீச்சர். புயல் அன்னிக்கு ஊருக்கே மெசேஜ் விட்டாங்க. அதை நம்பி எல்லாரும் சேவல் சண்டைக் கொட்டகைக்குப் போயிட்டாங்க. ஆத்தங்கரையில இருக்கு அது."

"போய்?"

"போய் என்ன, சேறு வந்துச்சு. சேவலும் பன்னியும் ஜனமும் ஒண்ணா கூரை மேல உக்காந்துச்சு. எங்க மாமா பன்னியைக் கட்டிப்புடிச்சுட்டே ஒரு நாள் பூரா இருந்தாரு. அப்பலேர்ந்து யாராச்சும் சொதப்பினா ரெமிதான்."

வகுப்பே சிரித்தது. நான் பாடத்தை அத்தோடு நிறுத்திவிட்டேன். சான் ரோகே ஆபீஸில் மெசேஜ் அனுப்புகிற ரெமி வேறு யார் இருக்கிறாள்? இத்தனை நடந்தும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, நான் என்ன மூன்றாம் மனுஷியா? என்ன நடந்தது என்று எழுது. உன்மேல் தவறில்லை என்றால் வரும் ஞாயிறே வானொலியில் சொல்லி உன் பெயரைக் காப்பாற்றுகிறேன்.

கவலையுடன்,
ஃபெலி

சான் ரோகே
12 மார்ச் 2008

மனாய் ஃபெலிக்கு,

வானொலியில் சொல்லாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் சேவல் சண்டைக் கொட்டகைக்கு என்ன பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். ஆண்கள் ஞாயிறு தவறாமல் போய் வருஷக்கணக்கில் தோற்றுப் படிப்பதால் அதற்குக் காலேஜ் என்று பெயர். நல்ல கூரை உள்ள இடம், புயல் என்றால் ஜனம் பழக்கமாக அங்கேதான் ஒதுங்கும். இந்தத் தடவை எரிமலைச் சேறு ஆற்றோடு வரும் என்று தகவல் வந்தது. அதனால் நான் அனுப்ப வேண்டிய செய்தி இதுதான்: எல்லோரும் உடனே வீட்டை விட்டுக் கிளம்புங்கள், காலேஜ் ஆபத்து, போகாதீர்கள், மேட்டுக் கோயிலுக்குப் போங்கள்.

ஒரு மெசேஜில் நூற்றறுபது எழுத்து பிடிக்கும். நான் எண்ணிப் பார்த்து அதற்குள் அடக்கியிருந்தேன். ஆனால் அந்தக் கணக்கு நம் பேச்சை எழுதுகிற சாதாரண ஆங்கில எழுத்துக்குத்தான். மெசேஜின் பெட்டி சின்னது. ஒவ்வொரு எழுத்தையும் ஏழு புள்ளியாக மடித்து வைத்தால்தான் நூற்றறுபது. அந்தச் சாதாரண எழுத்துப் பட்டியலில் இல்லாத ஒரே ஒரு குறி உள்ளே வந்தாலும், இயந்திரம் எல்லா எழுத்தையும் பதினாறு புள்ளியாக விரித்துவிடும். அப்புறம் எழுபதுதான் பிடிக்கும். ஜீப்னியில் ஒரு குண்டு ஆள் ஏறினதற்காக ஒவ்வொருவருக்கும் அவர் அளவு இடம் விடச் சொல்வது மாதிரி. நல்ல இயந்திரமாக இருந்தால் மிச்சத்தை அடுத்த மெசேஜாக அனுப்பும். எங்கள் ஆபீஸில் இருப்பது மிச்சத்தை வெட்டி எறிந்துவிட்டது.

ஊரார் போனில் வந்தது இவ்வளவுதான்: எல்லோரும் உடனே வீட்டை விட்டுக் கிளம்புங்கள், காலேஜ்.

கிளம்பிவிட்டார்கள். நான் மழையில் கத்திக்கொண்டே ஓடினேன், பாதிப் பேரைத்தான் திருப்ப முடிந்தது. யாரும் சாகவில்லை, கடவுள் புண்ணியம். கயிறு கட்டி எல்லோரையும் இறக்கினோம். முதலில் நானும் சேர்ந்து சிரித்தேன் மனாய். அப்புறம் சந்தையில், கோயிலில், என் மகள் பள்ளிக்கூடத்தில், எங்கே போனாலும் ரெமி ரெமி என்றார்கள். இப்போது யாராவது நிஜமாகவே என்னைக் கூப்பிட்டாலும் நான் திரும்புவதில்லை. போன் பழுது என்றது பொய், நானேதான் அணைத்து வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் நான்காம் தேதி ஊர் மன்றம் கூடுகிறது. என்னை வேலையை விட்டு எடுப்பதா என்று முடிவு செய்வார்கள். மேயருக்கு ஒரு அண்ணன் மகள் வேலையில்லாமல் இருக்கிறாள், அதனால் முடிவு எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியும்.

ரெமி

மணிலா
20 மார்ச் 2008

ரெமி,

என்ன குறி என்று நீ எழுதவில்லை. எல்லாவற்றையும் இவ்வளவு விளக்கமாக எழுதிவிட்டு அதை மட்டும் விட்டுவிட்டாய். டொமெங்கைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"விடு மனாய். நடந்தது நடந்துபோச்சு."

"என்ன குறிடா?"

"அவ சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்கா. என்னை விட்டுடு."

கம்ப்யூட்டரைத் திறந்தேன். உனக்கு நவம்பரில் அனுப்பிய மின்னஞ்சல் இருந்தது. மேலே நீ எழுதியது, கீழே நான் திருத்தியது. நீ எழுதியதில் காலேஜ் சும்மா காலேஜ்தான். நான் திருத்தியதில் அதற்கு இரண்டு பக்கமும் மேற்கோள் குறி, அழகாக வளைந்தது, நீ சொன்ன பட்டியலில் இல்லாதது. தட்டினால் என் கம்ப்யூட்டர் அதுவாகவே வளைத்துவிடும். கொச்சைச் சொல்லைக் குறிக்குள் போடாமல் எழுத எனக்குக் கை வராது. இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு அதைத்தானே சொல்லிக்கொடுக்கிறேன். "இப்ப பார்க்க லட்சணமா இருக்கு, அப்படியே ஒட்டி அனுப்பு" என்று வேறு எழுதியிருக்கிறேன்.

ஊர் ஊராக ஒரு சொல்லின் பிறப்பைத் தேடினேன். அது என் மேஜையில் பிறந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது ரெமி, இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. முதல் கடிதத்தில் சிரித்ததை நினைத்தால் கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான்காம் தேதி வருகிறேன்.

ஃபெலி

சான் ரோகே
27 மார்ச் 2008

மனாய் ஃபெலிக்கு,

வராதீர்கள்.

உங்களைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டவள் நான். ஒட்டியவள் நான். பட்டனை அழுத்தியவளும் நான். மணிலா டீச்சர்மேல் பழி போட்டுத் தப்பிக்கிறாள் என்று இன்னொரு பேச்சும் எனக்கு வேண்டாம்.

மறைத்து என்ன, கோபம் இருக்கிறது. அந்தக் குறிக்காக இல்லை. புயல் போய் மூன்று மாசம் கழித்து, செய்தி உதவியதா என்று ஒரு வரி கேட்டீர்களே, அதற்காக. கூரை போனதைக்கூட நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும். டொமெங் நல்லா இருக்கோம் என்றால் நம்பிவிடுவீர்களா? சொல்லைத் தேட மட்டும் உங்களுக்கு நேரம் இருந்தது.

எழுதிவிட்டேன், கிழிக்கப் போவதில்லை.

ரெமி

சான் ரோகே
3 மே 2008

அன்புள்ள மனாய் ஃபெலிக்கு,

சொன்ன பேச்சை நீங்கள் என்றைக்குக் கேட்டீர்கள்? மன்றத்தின் வாசலில் உங்கள் குடையைப் பார்த்ததும் எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. நீங்கள் பேருந்து ஏறிப் போகும்வரை ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்துவிட்டேன். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை நானே இன்னொரு தடவை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். மேயர் கேட்டார், "டீச்சரம்மா, உங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"இந்த ஊரே சிரிக்குதே, அந்தச் சொல்லுக்கு அம்மா நான்தான். இவ எழுதினது சரி. அழகு பண்றேன்னு நான்தான் கெடுத்தேன்."

அப்புறம் கரும்பலகையில் குறியை வரைந்து, எழுபதையும் நூற்றறுபதையும் எழுதி, நான் கடிதத்தில் சொன்ன ஜீப்னிக் குண்டு ஆளையும் இழுத்து வந்து பாடம் நடத்தினீர்கள். பன்றியைக் கட்டிப்பிடித்திருந்த மனுஷர் பின்வரிசையில் எழுந்து, "அப்ப ரெமி முழுசாத்தான் அனுப்புச்சா?" என்று கேட்டாரே, அந்தக் கேள்விக்காக ஐந்து மாசம் காத்திருந்திருக்கிறேன் மனாய்.

வேலை என்னிடமே இருக்கிறது. கடுதாசி வந்துவிட்டது. இயந்திரத்தையும் மாற்றித் தருவார்களாம், அதை நான் நம்பவில்லை.

இன்று காலை சந்தைக்குப் போனேன். மீன்காரி லூசிங்கின் மகன் விற்கிற கருவாட்டைப் பூ மாதிரி அடுக்குகிறேன் என்று தட்டோடு சேற்றில் கவிழ்த்துவிட்டான். அவள் கத்தினாள்.

"அடேய், சும்மா இருந்ததை ஏன்டா ஃபெலி பண்ணித் தொலைச்சே?"

கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். லூசிங் என்னைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பரவாயில்லடி, அது எங்க நாத்தனார்தான்" என்றேன். இரண்டு மீன் கூடப் போட்டாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன், ஏன் என்று கேட்காதீர்கள். இந்த ஊர் வாயில் இத்தனை நாள் நான் தனியாக இருந்தேன்.

கூரைக்கு அடியில் இன்னொரு பாய் இருக்கிறது. விடுமுறைக்கு வந்து தங்குங்கள், தேங்காய்ப்பாலில் சேம்பிலை போட்டு லையிங் செய்து தருகிறேன்.

போனை இன்று திறந்தேன். எழுத்தை இரண்டு தடவை எண்ணிப் பார்த்து உங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அது வந்திருக்கும். முழுசாக வந்ததா என்று மட்டும் பதில் போடுங்கள்.

உங்கள்
ரெமி