இரு பெருஞ்சபைத் தலைவர்கள் மதகுக்கல் நட்ட வெற்றி

நாவல் நிழல் நீள்க, நாடு தழைக்க. மூன்று ஆறுகளுக்கும் முப்பது ஏரிகளுக்கும் உரியவரும், பகைவர் கனவிலும் குதிரையேறி வருபவருமான வெண்ணாவல் நாட்டு வேந்தர் இளவாணராயர் திருவடிகளுக்கு, தூதன் பொன்னம்பி குவளையூரிலிருந்து பணிந்து எழுதும் வெற்றி ஓலை. இதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மை. எழுபத்திரண்டு வயதிலும் ஊசியில் நூல் கோக்கும் என் இரு கண்கள்மேல் ஆணை.

மழைக்குமுன் குவளையேரி மதகுக்கு முதற்கல் நடப்படவேண்டும், தவறினால் கரை உடையும், கரை உடைந்தால் உம் தூதுப் பதவியோடு உம் பல்லக்கும் உம் மைத்துனர் வீட்டு வாசலில் நிற்கும் என்று தாங்கள் அருளியதை, அந்தப் பல்லக்கிலேயே அமர்ந்து வழிநெடுக நினைத்து வந்தேன்.

முதற்கல் நடும் உரிமை இரகசியமாய்க் கூடும் கல்தச்சர் மறைச்சபைக்கே உண்டு. அச்சபையில் உளி பிடித்தவர் இன்று ஒருவரும் இல்லை. இடையில் தோற்கச்சை கட்டி, கையில் கொட்டாப்புளி ஏந்தி, வணிகரும் மருத்துவருமே கூடுகிறார்கள். அதுவும் இரண்டாகிக் கிடந்தது. கீழைப் பெருஞ்சபைக்கு நெய்வணிகர் ஏறன் சாத்தனார் தலைவர். மேலைப் பெருஞ்சபைக்கு மருத்துவர் மூலன் நாகனார் தலைவர். எங்களுடையதே மூத்தது, மற்றது போலி என்று இருவரும் சாசனம் நீட்டினார்கள். இரண்டையும் கரையான் பாதி தின்றிருந்தது; மிஞ்சிய பாதியில் இரண்டும் ஒரே கையெழுத்து.

எதிர்ச்சபையாரிடம் பேசியவரை நீக்குவது இரு சபைக்கும் விதி. சம்பந்தி வீட்டில் உண்டவர், சந்தையில் வணங்கியவர் என்று நீக்கி நீக்கி, நான் போய்ச்சேர்ந்த நாளில் ஒவ்வொரு சபையிலும் தலைவர் மட்டுமே எஞ்சியிருந்தார். இருவரும் நாள்தோறும் தனித்தனியே கூடி, தம்மைத் தாமே ஏகமனதாகத் தேர்ந்தெடுத்து வந்தார்கள்.

மேற்கே மேகம் கறுத்தது. புதிதாய்ச் சேர்பவரின் கண்ணைக் கட்டி, உறுப்பினர் ஒருவர் கைபிடித்து மூன்று சுற்று அழைத்துவருவது அவர்கள் வழக்கம். ஒருவர் சபையில் மற்றவர் அவ்வாறு நுழைந்து காட்டட்டும், அஞ்சுகிறவர் சபையே போலி என்றேன். இருவரும் உடனே இசைந்தார்கள். மதகுப் பள்ளத்தின் ஓரத்தில், பதினெட்டு எருதுகள் இழுத்தும் அசையாத முதற்கல்லைச் சுற்றிப் பந்தலிட்டோம். நாகனார் கண்ணைச் சாத்தனார் கட்டினார். சாத்தனார் கண்ணை நாகனார் தடவிப் பார்த்துக் கட்டினார். அழைத்துச்செல்ல வேறு உறுப்பினர் இல்லாமையால் ஒருவரை ஒருவர் அழைத்துச் சென்றார்கள்.

மூன்றாம் சுற்றில் சாத்தனார், "யாரய்யா என் காலை மிதிப்பது?" என்றார்.

"மூத்த சபை மிதிக்கிறது. இளைய சபை தள்ளி நிற்கலாமே," என்றார் நாகனார்.

சாத்தனார் தள்ளினார், நாகனார் கல்மேல் விழுந்தார். கல் ஒரு முழம் எழும்பி, தங்கள் அரண்மனைத் திசை நோக்கிச் சற்றே தலைசாய்த்து, பள்ளத்தில் மயிரிழை பிசகாமல் அமர்ந்தது. தூசிகூட எழவில்லை, கண்ணாரக் கண்டேன்.

தள்ளியது ஒருவர், விழுந்தது ஒருவர். மற்றவரை விட்டுப் பெருமை கொள்ள இருவராலும் முடியவில்லை. அங்கேயே தழுவிக்கொண்டார்கள். நீக்கப்பட்ட நூற்று நாற்பது பேரும் மாலைக்குள் திரும்பச் சேர்க்கப்பட்டார்கள். பிறகு மழை கொட்டியது. ஏரி அக்கல்லைக் கண்டதும் மரியாதையாக நின்றுவிட்டது.

ஆகவே தங்கள் பெயரால் ஆணையிட்டேன்: குவளையூரில் இனிச் சபை ஒன்று, வாசல் ஒன்று, தலைவர் ஆண்டுக்கொருவர் மாறி மாறி. பல்லக்குக்கு வேறு வேலை இருப்பதை என் மைத்துனருக்குத் தாங்களே தெரிவித்தருள்க. தங்கள் மீன்கொத்தி முத்திரை வைத்தேன். இதை மறுப்பவர் குவளையேரியை மறுத்தவராவர்.

அவை எழுத்தர் குறிப்பதற்கு ஒன்று: உறுப்பினரல்லாதவன் சடங்குப் பந்தலில் கண்திறந்து நிற்கலாகாது என்பது இரு சபைக்கும் பொது விதியாதலால், அன்று முதலில் கட்டப்பட்டவை என் கண்களே.