ஏரி பார்க்கச் சைக்கிளில் போனவன்

அனுப்புநர்:
ம. ஜெக்கரியா,
தட்டச்சுப் பயிற்சி நிலையம் (மாடி),
மடத்துத் தெரு, கும்பகோணம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: நாணக்கோட்டகம் கிராமத்தில் ஏரியின் எல்லைக் கல்லைப் பிடுங்கியதும், அக்கல்லை எனக்குக் காட்டிய விவசாயத் தொழிலாளி காத்தாயியின் வீட்டைப் பிரித்துப் போட்டதும் – நில அளவையரை உடனே அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கும்பகோணத்தில் தட்டச்சு நிலையம் நடத்துகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தங்கள் அலுவலகத்துக்குப் பிறர் அனுப்பும் மனுக்களை நூற்றுக்கணக்கில் அடித்துக் கொடுத்திருக்கிறேன். என் பெயரில் நானே எழுதும் முதல் மனு இதுதான். இயந்திரத்தின் முன் உட்கார்ந்தால் விரல்கள் பழக்கத்தில் பணிவான வாக்கியங்களாகவே அடித்துத் தள்ளுகின்றன. நான் இப்போது பணிவான மனநிலையில் இல்லை. ஆகவே கையால் எழுதுகிறேன். எழுத்து சரியில்லாததற்கு மட்டும் மன்னிக்க வேண்டும்.

2. ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கல் கழிந்ததும் நிலையத்தைப் பூட்டிவிட்டுப் பத்து நாள் சைக்கிளில் சுற்றி வருவது என் வழக்கம். வேலை நிமித்தமாக அல்ல. வேண்டுதலும் அல்ல, உறவினர் வீட்டு விசேஷமும் அல்ல. ஏரி, குளம், காடு, அங்குள்ள பறவைகள் இவற்றைப் பார்ப்பதற்காக மட்டுமே. அவசரம் கிடையாது. நிழல் கண்ட இடத்தில் நிற்பேன். எதிர்க்காற்று அடித்தால் இறங்கித் தள்ளுவேன். இந்த ஆண்டு 16.1.1974 அன்று கிளம்பிக் குடவாசலில் ஓர் இரவும் மன்னார்குடியில் இரண்டு இரவும் தங்கி, வடுவூர் ஏரியைப் பார்த்துவிட்டு, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கும் கோடியக்கரைக் காட்டுக்கும் போய்வருவதாகத் திட்டம். போகிற வழியில்தான் நாணக்கோட்டகம் ஏரி இருக்கிறது.

3. என் கோலத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் வினையெல்லாம் அதில் தொடங்கியது. முழுக்கால் சட்டை சங்கிலியில் மாட்டிக் கிழிவதால் சைக்கிள் பயணத்தில் காக்கி அரைக்கால் சட்டை அணிவேன். வெயிலுக்குத் தொப்பி. கழுத்தில், நண்பர் ஜெகபர் அலி மலாயாவிலிருந்து கொண்டுவந்த பைனாகுலர். கையில் பறவைக் கணக்கு எழுதும் நோட்டு. 19.1.1974 காலை இந்தக் கோலத்தில் நாணக்கோட்டகம் ஏரிக்கரையில் நின்று நாரைகளை எண்ணி எழுதிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரத்தில் அவ்வூர் மிராசுதார் திரு. சாரங்கபாணி அவர்களின் காரியஸ்தர் திரு. நடராசன் இரண்டு இளநீருடன் வந்து நின்றார். எந்த ஆபீசிலிருந்து வருகிறேன் என்று கேட்டார். எந்த ஆபீசும் இல்லை, ஏரி பார்க்க வந்தேன் என்றேன். குரலைத் தாழ்த்தி அவர் சொன்னது: "புரியுதுங்க சார். நாங்க யார்கிட்டயும் மூச்சு விட மாட்டோம்."

4. எவ்வளவு மறுத்தேனோ அவ்வளவு மரியாதை கூடியது. மிராசுதார் வீட்டில் இட்லி, காபி. சைக்கிள் கேரியரில் ஒரு சீப்பு வாழைப்பழம். நில உச்சவரம்புக்குப் பயந்து பேர் மாற்றி எழுதிய நிலங்களை இரகசியமாகக் கணக்கெடுக்க வந்தவன் என்று என்னை நினைத்திருக்கிறார்கள். இது எனக்கு அப்போது பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு இட்லியைச் சாப்பிட்டேன். அதற்காக வெட்கப்படுகிறேன்.

5. பிறகு ஏரியின் தென்கரைக்குச் சென்றேன். அங்கே நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க காத்தாயி என்பவர் வந்து, வீட்டைப் பார்க்கும்படி என்னை அழைத்தார். அந்த இடத்தின் அமைப்பைத் தாங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும். முதலில் ஏரித் தண்ணீர். அதை அடுத்து, சம்பா அறுத்த மிராசுதாரின் வயல். அதற்கும் அப்பால்தான் காத்தாயியின் கூரை வீடு. பண்ணை நிலத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கு அந்த மனை சொந்தம் என்று சட்டம் வந்து மூன்று ஆண்டாகிறது. அதன்படி காத்தாயி மனைப்பட்டா கேட்டிருக்கிறார். அந்த வீடு பண்ணை நிலத்தில் இல்லை, ஏரிப் புறம்போக்கில் இருக்கிறது என்று மிராசுதார் பதில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதாவது தண்ணீரை ஒட்டிய வயல் ஏரிக்கு வெளியே இருக்கிறதாம். தண்ணீரிலிருந்து எட்டி நிற்கும் வீடு ஏரிக்குள் இருக்கிறதாம். கண் தெரியாதவர்கூட நனைந்த காலை வைத்து இதன் பொய்யைச் சொல்லிவிடுவார்.

6. வயலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு வைக்கோல் போர். காத்தாயி தம் கையாலேயே அதன் ஓரத்தை விலக்கிக் காட்டினார். உள்ளே, தலையில் அம்புக்குறி வெட்டிய பழைய சர்வே கல் இருந்தது. அதுதான் ஏரியின் எல்லை. வயல் எல்லைக்கு உள்ளே, வீடு எல்லைக்கு வெளியே. அளந்து எழுதும்படி கேட்டார். நான் அதிகாரி இல்லை என்று ஒரே ஒருமுறை, வாய்க்குள்ளாகச் சொன்னேன். அவர் காதில் அது ஏறவில்லை. அந்த முகத்தைப் பார்த்து இன்னொருமுறை சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. தப்படி போட்டு அளந்தேன். கல்லிலிருந்து வீட்டு வாசல் பதினெட்டுத் தப்படி, கல்லிலிருந்து தண்ணீர் நூற்றுப் பத்து. நாரைக் கணக்குக்குக் கீழே படம் போட்டு எழுதினேன். காத்தாயி விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக்கொண்டு வந்து, அந்தப் பக்கத்தில் தம் பெருவிரலை அழுத்திவிட்டார். தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. ஏதோ ஓர் ஏழைப் பெண்ணின் மனம் குளிரட்டும் என்று பெரிய மனிதனைப் போல நினைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனேன்.

7. நான் கோடியக்கரையில் வெளிமான் பார்த்துக்கொண்டிருந்தபோது காரியஸ்தர் வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரித்து, யாரையும் அனுப்பவில்லை என்று தெரிந்துகொண்டார். சைக்கிளில் வாழைப்பழச் சீப்பைக் கட்டிவிட்ட ஆளிடம் பேச்சுவாக்கில் நான் சொல்லியிருந்ததால் என் பெயரும் தொழிலும் தெரிந்தன. 22.1.1974 அன்று பட்டப்பகலில் ஆறு பேர் வந்து காத்தாயியின் கூரையைப் பிரித்து, மண் சுவரைத் தள்ளி, நெல் பானையைத் தெருவில் உருட்டினார்கள். வைக்கோல் போரை நகர்த்திக் கல்லையும் கெல்லி எடுத்துக்கொண்டு போனார்கள். இவை நான் பின்னர் கேட்டறிந்தவை. 25 ஆம் தேதி திரும்பி வரும்போது நான் கண்டது கல் இருந்த குழியை மட்டுமே. காரியஸ்தரிடம் கேட்டேன். அவர் வீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. டைப் அடிக்கிறவனுக்கு இட்லி போட்டோமே என்பதுதான் அவருடைய வருத்தமாக இருந்தது.

8. அப்பகுதிக் காவல் நிலையத்தில் காத்தாயியின் புகாரை வாங்கவில்லை. அதிகாரியே வராதபோது எதைக் காட்டிக் கொடுத்தாய், எதற்காக உன்னைப் பழி வாங்குவார்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நான் போனபோது புகார் என்மேல் திரும்பியது. வேலையும் இல்லாமல், சொந்தக்காரரும் இல்லாமல் ஒருவன் எதற்காக ஏரி ஏரியாகச் சைக்கிளில் சுற்றுகிறான்? பறவையை எண்ணி என்ன செய்யப் போகிறான்? அரசு ஊழியராக நடித்ததாக வழக்குப் போடப் போவதாகச் சொன்னார்கள். ஐயா, நான் எவரிடமும் அரசு ஊழியன் என்று சொல்லவில்லை. காக்கி அரைக்கால் சட்டையும் ஒரு தொப்பியும் போதும் அதிகாரியாகத் தெரிவதற்கு என்றால், அது என் நடிப்பின் சிறப்பு அல்ல. காத்தாயி இரண்டு வருடமாக மூன்று மனு கொடுத்து, யாராவது வருவார் வருவார் என்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கள் அலுவலர் வந்து நின்றிருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. நான் தெரியாமல் போய் அதில் நின்றுவிட்டேன்.

9. நிலச் சட்டங்களைப் பற்றிச் சுவரெல்லாம் எழுதியிருக்கிறார்கள். மேடை தோறும் பேசுகிறார்கள். அந்தச் சட்டத்தின் கீழ் மனை கேட்கும் விண்ணப்பங்களை நானே வாரத்துக்குப் பத்து அடிக்கிறேன். அவை எங்கே போகின்றன? மன்னார்குடிக்கும் நாணக்கோட்டகத்துக்கும் இடையே சைக்கிள் போகிற பாதை இருக்கிறது. அவசரமே இல்லாத நான், வழியில் இரண்டு இடத்தில் டீ குடித்து, ஒரு பனை மரத்தடியில் தூங்கியும்கூட, ஒரு காலைப்பொழுதில் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். அரசாங்க ஜீப்புக்கு மூன்று வருடம் போதவில்லை என்பதை நான் எப்படி ஏற்பது?

10. 25 ஆம் தேதி மாலை காத்தாயியிடம் உண்மையைச் சொன்னேன். நான் யாரும் இல்லை, வேடிக்கை பார்க்க வந்தவன், என்னால்தான் உங்கள் வீடு போயிற்று என்றேன். அவர் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். என்னையும் சைக்கிளையும் பார்த்தார். அதுவரை ஐயா என்று அழைத்தவர் இப்போது தம்பி என்றார்: "ஏரியப் பாக்கத்தானே வந்தீங்க தம்பி? கல்லு இருந்தப்பப் பாத்தீங்கல்ல? பாத்தத பாத்தேன்னு சொல்லுங்க. ஆபீசர் சொன்னாத்தான் கல்லு இருந்ததா ஆவுமா?"

11. ஆகவே சொல்கிறேன். 19.1.1974 காலை சுமார் பத்தரை மணிக்கு, மேற்சொன்ன இடத்தில், அம்புக்குறி வெட்டிய எல்லைக் கல் ஊன்றியபடி இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். தொட்டும் பார்த்தேன். இதை எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன். நோட்டின் அந்தப் பக்கத்தைக் காத்தாயியின் விரல் ரேகையுடன் இத்துடன் இணைத்துள்ளேன். மேலே நாற்பத்திரண்டு நத்தைகுத்தி நாரை, ஒன்பது கூழைக்கடா என்று இருப்பதும் உண்மையே.

12. தாங்கள் செய்ய வேண்டியவை: கிராமப் புலப்படத்துடன் நில அளவையரை அனுப்பி, ஏரியின் எல்லையை ஊரார் முன்னிலையில் அளந்து கல் நடவேண்டும். காத்தாயியின் வீட்டை இடித்தவர்கள் செலவிலேயே திரும்பக் கட்டித்தந்து, மனைப்பட்டாவும் அவர் பெயருக்கு வழங்க வேண்டும். அவருடைய புகாரை வாங்கிப் பதிவு செய்யக் காவல் நிலையத்துக்கு உத்தரவிட வேண்டும். என்மேல் வழக்குப் போடுவதானால் தாராளமாகப் போடலாம். நான் தடை சொல்லவில்லை.

13. இதில் தாமதத்துக்கு இடமே இல்லை என்பதற்குக் காரணம் உண்டு. உளுந்து விதைப்புக்கு முன் வயலோடு சேர்த்து அந்த இடத்தையும் உழுதுவிடப் போவதாக மிராசுதார் வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். உழுதுவிட்டால் குழியும் இருக்காது. அதனால் காத்தாயி தம் சட்டி பானையுடன் அந்தக் குழியின் ஓரத்திலேயே குடியிருக்கிறார். அங்கேதான் அடுப்பு. சமைப்பதும் தூங்குவதும் அங்கேதான். அறுவடைக் கூலிக்குக் கூப்பிட்டும் போகவில்லை. ஏர் மாடு பக்கத்தில் வந்தால் எழுந்து குழிக்குள் இறங்கி நின்றுகொள்கிறார். நான் புறப்படும்போதும் அப்படித்தான், முழங்கால் ஆழத்துக்கு மண்ணுக்குள் நின்றுகொண்டிருந்தார். தங்கள் அலுவலர் வரும்வரை, ஐயா, அந்த ஏரிக்கு எல்லைக் கல் அவர்தான்.

இப்படிக்கு,
கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதியிருக்கும்,
ம. ஜெக்கரியா (கையொப்பம்)

இடம்: கும்பகோணம்
நாள்: 28.1.1974