சாம்பல் காலுறையில் நாலு புள்ளி ஒன்று

ஜனவரி 8, 2013, செவ்வாய்

மதியம் பள்ளிச் சாப்பாட்டு அறையில் நானும் என் ஆப்பிளும் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். ஆப்பிள் அதிகம் பேசவில்லை. என் தோழி சோல்வெய்க் மினியாபொலிஸுக்குக் குடிபோனதிலிருந்து இப்படித்தான்.

வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜில் இருந்த எல்லாவற்றுக்கும் பொம்மைக் கண் ஒட்டினேன். பால், முட்டை, வெண்ணெய் எல்லாம் முழித்தன. அப்பா திறந்தார், பாலை எடுத்தார், மூடினார். டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். முட்டைகள் என்னைப் பாவமாகப் பார்த்தன.

ஜனவரி 9

புது வருஷத்தோடு அப்பா சிகரெட்டை விட்டுவிட்டார். நல்லதுதான். நான்தானே கெஞ்சினேன்.

வீட்டுக்குள் பிடிக்கக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். அம்மா ஃபீனிக்ஸுக்குப் போய்விட்டாள், சட்டம் போகவில்லை. அதனால் சாப்பிட்டு முடித்ததும் அப்பா பின்வாசலுக்குப் போய்க் கண்ணாடிக் கதவை விரலால் தட்டுவார். நான் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுவேன். இரண்டு மடக்கு நாற்காலி. காற்றைப் பார்த்து, புகை வராத பக்கத்தில் என்னுடையதைப் போடுவார். ஒரு சிகரெட் நீளத்துக்குப் பேச்சு. சில நாள் ஒன்றரை.

இப்போது பேனா மாதிரி ஒரு மின்சிகரெட். நாற்றம் இல்லை, வெளியே போக வேண்டியதில்லை. சாய்வு நாற்காலியிலேயே ஆவி விடுகிறார். நான் ஓர் ஆவியோடு குடித்தனம் நடத்துகிறேன்.

ஜனவரி 12, சனி

மின்சிகரெட் விற்கும் வெண்டல் கடைக்குப் போனோம். எனக்குப் பதினாறுதான், உள்ளே அனுமதி இல்லை. வண்டியில் உட்கார்ந்து ஜன்னலில் மூக்கை அப்பி, போகிற வருகிறவர்களுக்குப் பன்றி முகம் காட்டினேன். கடைசியில் அப்பாவோடு வெண்டலே ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“லைல், அந்தப் பேனா உனக்குக் காணாது. நீ ரெண்டு பாக்கெட் ஊதின ஆளு. வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி மூணு வந்திருக்கு. எதைக் கடையில வைக்கலாம்னு இழுத்துப் பாத்துச் சொல்லு. ஆனா எது எதுன்னு தெரியாம இழுக்கணும். தெரிஞ்சா பளபளப்பைப் பாத்துத்தான் மார்க் போடுவே.”

“அப்போ மாத்தி மாத்திக் கொடுக்க ஒரு ஆள் வேணுமே.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் இன்னும் பன்றி முகத்தில்தான் இருந்தேன்.

“வோல்ட் திருகை மட்டும்தான் தொடணும்,” என்றார் அப்பா. “வாயில வச்சே, வாசல்ல பனிப்பொம்மைக்குப் பக்கத்துல உன்னையும் நட்டுடுவேன்.”

ஜனவரி 13

மூன்று கருவிக்கும் மூன்று காலுறை: சிவப்பு, சாம்பல், கோடு போட்டது. மூன்றிலும் ஒரே திரவம். அப்பா கண்ணை மூடிக்கொள்வார். அவர் கேட்ட வோல்ட்டுக்கு நான் திருகிக் கையில் கொடுக்க வேண்டும்.

மூன்று புள்ளி ஏழு கேட்டார். நாலு புள்ளி எட்டு வைத்துக் கொடுத்தேன்.

“ஐயய்யோ! தீஞ்ச பாப்கார்னை முழுங்கின மாதிரி இருக்கு! எத்தனைல வச்சே?”

“தீயணைப்பு வண்டி வர்ற அளவுல.”

“அடி கழுதை!”

இருமிக்கொண்டே சிரித்தார். அம்மா போனதற்கு அப்புறம் அந்தச் சிரிப்பை நான் கேட்கவே இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வைத்த ஹாட்டிஷ் அடுப்பிலேயே கருகியது. சுரண்டிச் சாப்பிட்டோம்.

ஜனவரி 16

தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் சமையலறை மேஜைதான். டிவி அநாதையாகிவிட்டது.

சிவப்பின் திருகு வழவழ. கோட்டுப் பையில் போட்டால் வோல்ட் தானாகவே ஏறிக்கொள்ளும். கோடு போட்டது காலையில் ராஜா, பாட்டரி இறங்க இறங்கப் பிச்சைக்காரன். “இது புகையா? கண்ணாடியில மூச்சு விட்ட மாதிரி இருக்கு,” என்றார் அப்பா. சாம்பல் மட்டும் வைத்த இடத்தில் நிற்கிறது. நாலு புள்ளி ஒன்றில் அப்பா முகம் அப்படியே இளகிவிடுகிறது.

ஜனவரி 18, வெள்ளி

“சாம்பல்தான்னு நினைக்கிறேன். ஞாயித்துக்கிழமை முடிச்சுடலாம்,” என்றார்.

முடித்து? அப்புறம்? சாய்வு நாற்காலி, டிவி, ஆவி.

ஜனவரி 19

கருவிகளைக் காலுறை மாற்றிப் போட்டேன். சும்மா. விளையாட்டுக்கு.

ஜனவரி 23

“நேத்து சாம்பல் நல்லா இல்ல. இன்னிக்குக் கோடு நல்லா இருக்கு. என்னடி இது?” என்று தலையைச் சொறிகிறார். “அறிவியல்னா பொறுமை வேணும்பா,” என்றேன். நாளைக்கு மறுபடி மாற்றுவேன். நாலு புள்ளி ஒன்று கேட்டால் மூன்று புள்ளி நாலு கொடுப்பேன். இப்படியே வசந்தம் வரை ஓட்டலாம்!

ஜனவரி 27

நாள் முழுக்கப் பனிப்புயல். அப்பா பனி வாரும் வண்டியில் இரட்டை ஷிப்ட் போய் வந்தார். ஒவ்வொன்றையும் ஒரு தடவை இழுத்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்.

“கருவில தப்பு இல்ல, பிரிட்டா. என் தொண்டைதான் கெட்டுப்போச்சு. எனக்கு எதுவும் ஒத்துவராது போல.”

நான் ஏதோ ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று இப்போது நினைவில்லை.

ஜனவரி 30

கண்ணாடிக் கதவில் தட்டும் சத்தம். ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியேயுமாக ஓடினேன். அவ்வளவு சந்தோஷம் —

அப்பா கையில் சிகரெட். நிஜச் சிகரெட்.

“ஒண்ணே ஒண்ணுதான்,” என்றார் என் முகத்தைப் பார்க்காமல். நாற்காலியைப் புகை வராத பக்கம் போட்டார். உட்கார்ந்தேன். பனிக்குவியலின் மேல் ஏறி நின்று வழிவிடாத ஒரு மானைப் பற்றிச் சொன்னார். சிரித்தேன். பழைய மாதிரியே இருந்தது. அதுதான் கொடுமை, எனக்குப் பிடித்திருந்தது.

ராத்திரி என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினார். இருமல் நிற்கவே இல்லை.

ஜனவரி 31

சீ. நான் என்ன மனுஷி?

பிப்ரவரி 1, வெள்ளி

வெண்டலிடம் திருப்பிக் கொடுக்க மூன்றையும் பெட்டியில் போட்டிருந்தார். “இன்னும் ஒரே ஒரு தடவைப்பா,” என்று கையைப் பிடித்து உட்கார வைத்தேன். ஒவ்வொன்றும் அதனதன் பழைய காலுறையில். சாம்பலில் சரியாக நாலு புள்ளி ஒன்று.

இழுத்தார். கண்ணைத் திறந்தார்.

“இதேதான். இவ்வளவு நாளா இது எங்க போயிருந்துச்சு?”

“கோடு போட்ட காலுறைக்கு விருந்துக்குப் போயிருந்துச்சு.”

அவர் சிரிக்கவில்லை. புரிந்துவிட்டது.

“ஏன்டி?”

“முடிஞ்சிட்டா... நீ எழுந்து போயிடுவியேப்பா.”

அவர் சாம்பல் காலுறையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பிப்ரவரி 2

மற்ற இரண்டும் வெண்டலிடம் போய்விட்டன. காலுறைகளைத் துவைத்து மடித்தேன்.

பிப்ரவரி 4

அப்பா சிகரெட் தொடவில்லை. கோட்டை மோந்து பார்த்துவிட்டேன். பேசவும் இல்லை. டிவிதான் பேசியது.

பிப்ரவரி 6, புதன்

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் டொக் டொக்.

போகப் பயமாக இருந்தது. முதலில் அப்பா கையைத்தான் பார்த்தேன். சாம்பல் காலுறை. அதற்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த கருவியில் இரண்டு பொம்மைக் கண். ஃப்ரிட்ஜ் முட்டையிலிருந்து உரித்தது.

நாற்காலிகளைப் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுத்திருந்தார். என்னுடையது புகை வராத பக்கம். புகையே கிடையாது.

“உள்ளயே இழுக்கலாமேப்பா. குளிருதே.”

“குளிரத்தான் செய்யும்,” என்றார். “கதவைச் சாத்திட்டு வா, உள்ள இருக்கிற சூடெல்லாம் போகுது.”