வாடகைக்கு வரி நில்

கடலூர் முதுநகர்
திங்கட்கிழமை, ஷிப்டுக்குக் கிளம்பும் முன்

மஸ்கட்டில் இருக்கும் அக்கா ஜெயராணிக்கு, தம்பி சார்லஸ் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். நீயும் மாமாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

போனில் சொன்னால் பாதியிலேயே நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் திட்டு.

முதல் விஷயம், அம்மாவுக்குப் போட்ட டிக்கெட்டை கேன்சல் செய். வீட்டைப் பூட்டிவிட்டு உன்னிடமே வந்துவிட அம்மா ஒருவழியாகச் சம்மதித்தாள் என்று போன வாரம் குதித்தாயே, அது சம்மதம் இல்லை. நான் எழுதிய ஒரு வார்த்தையால் வந்த வினை.

நம் சிதம்பரம் வீட்டு மாடியில் இரண்டு பெண்கள் குடியிருப்பது உனக்குத் தெரியும். சுவேதா பேங்கில் வேலை பார்க்கிறாள், சத்யப்பிரியா யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சி செய்கிறாள். பேங்கில் கொடுக்க வேண்டும் என்று சுவேதா வாடகை ரசீதும் அம்மாவின் பான் நம்பரும் கேட்டிருக்கிறாள். அம்மாவுக்குக் குலை நடுங்கிவிட்டது. பக்கத்து வீட்டுத் தங்கராசு மாமா வேறு, "இன்கம்டாக்ஸ்காரன் வந்தா பீரோவைக் கூட நகட்டிப் பாப்பான்மா" என்று சொல்லி வைத்திருக்கிறார். அந்த பீரோவில் என்ன இருக்கிறது? நம் ஞானஸ்நான கவுனும் அப்பாவின் கண்ணாடியும்தான்.

அம்மா என்னைக் கேட்டாள். வரி வராவிட்டால் ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடு என்று சொல்லிவிட்டு, கணக்குப் பார்த்தேன். வருஷ வாடகையில் நகராட்சிக்குக் கட்டிய வீட்டு வரி கழியும். மீதியில் நூற்றுக்கு முப்பது, ரிப்பேர் செய்தாலும் செய்யாவிட்டாலும், சட்டப்படியே கழியும். அப்பா பென்ஷனைச் சேர்த்தாலும் வரி கட்டும் அளவை எட்டவில்லை. அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராதே என்று தமிழில் வாட்ஸப் அனுப்பினேன்: "வாடகைக்கு வரி நில்."

எங்கள் ப்ளாண்ட் ரிப்போர்ட்டில் அப்படித்தான் எழுதுவோம். லீக் நில், விபத்து நில். இங்கிலீஷ் 'nil', ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

அம்மா எப்படிப் படித்தாள் தெரியுமா? வாடகைக்கு வரி உண்டு. நில். நிறுத்து!

பயந்துபோய் எட்டு முறை போன் செய்திருக்கிறாள். இங்கே ப்ளாண்டை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை, போன் கேட்டிலேயே லாக்கரில் கிடந்தது. வெளியே வந்து பார்த்துவிட்டு, ரசீதில் கையெழுத்துப் போடலாமா என்றுதான் கேட்கிறாள் என்று நினைத்து, "பிஸி. சொன்னதைச் செய்" என்று தட்டிவிட்டேன். சொன்னதைச் செய்துவிட்டாள். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, இரண்டு பெண்களையும் காலி செய்யச் சொல்லிவிட்டு, இனி இங்கே தனியாக எதற்கு என்று உனக்குப் போன் போட்டிருக்கிறாள்.

நேற்று நான் போனபோது மாடியில் சத்தமே இல்லை. அம்மா உனக்காக நார்த்தங்காய் ஊறுகாயை பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தாள். ஆள் ஒருத்திக்கு நாலு ஆழாக்கு அரிசி வடித்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். மூணு பேருக்கு வடித்த கைப்பழக்கம் என்றாள். மாடிப் பிள்ளைகள் எங்கே என்றேன். "நீதானேடா நிக்கச் சொன்ன" என்று போனைக் கண்ணுக்கு நேரே நீட்டினாள்.

படித்தேன். சைபர் என்று எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விஷயத்தை விளக்கியதும் அம்மா கையிலிருந்த கரண்டியாலேயே என் முதுகில் ஒன்று வைத்தாள். இன்னும் ஊறுகாய் வாசனை போகவில்லை.

உடனே ஆட்டோ பிடித்து வண்டிகேட் பக்கம் அவர்கள் தங்கியிருந்த ஹாஸ்டலுக்குப் போனேன். விஷயத்தைக் கேட்டு சுவேதா விழுந்து விழுந்து சிரித்தாள். சத்யப்பிரியா மட்டும் முறைத்தாள். "ஏண்ணா, உங்க மெஷினுக்காவது ஒழுங்கா எழுதுவீங்களா? அம்மா எங்க முகத்தைக்கூட பாக்காம பையை எடுத்துக் குடுத்தாங்க, தெரியுமா?" என்றாள். பெட்டியை நானே தூக்கினேன்.

வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். சத்யப்பிரியா கேட்டைத் திறந்து ஒரு காலை வைத்துவிட்டு, "உள்ள வரலாமா, இல்ல நில்லா?" என்று கேட்டாள். அம்மா சிரித்த சிரிப்பில் தங்கராசு மாமா என்னவோ ஏதோ என்று வெளியே ஓடிவந்துவிட்டார். நாலு ஆழாக்கு சோறும் தீர்ந்தது. சாப்பாட்டுக்கும் காசு வாங்கினால் வரிக் கணக்கு மாறலாம் அம்மா, ஜாக்கிரதை என்றேன். "கொழம்புக்கு எவடா காசு கேட்டா?" என்றாள். இப்போது வீட்டில் இதே பேச்சுதான். பால் நில், சர்க்கரை நில், சார்லஸுக்கு அறிவு நில்.

கேன்சல் சார்ஜ் எவ்வளவோ அதை நான் அனுப்புகிறேன், தப்பு என்னுடையது. கோபம் இருந்தால் என்மேல் காட்டு. அம்மாவிடம் ஒன்றும் கேட்காதே. நீ வருத்தப்படுவாய் என்று, மனசில்லாமலே விமானம் ஏறிவிடுவாள். அவளுக்கு உன்மேல் பாசம் குறைவில்லை அக்கா. அந்த ஊறுகாய் பாட்டில்களை இன்னும் பிரிக்கவில்லை. உன் பெயரை ஒட்டி, அடுப்படி மேல்தட்டில் வரிசையாக வைத்திருக்கிறாள்.

அதனால் நீ வா. கிறிஸ்துமஸுக்கு மாமாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. அம்மா நாலுக்குப் பதில் எட்டு ஆழாக்கு வடிக்கட்டும். கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பார். படுக்கைதான் கீழே, அம்மா பக்கத்தில் பாய் போட்டு. மாடியில் இடம் நில்.

உன் தம்பி,
சார்லஸ்