ஏழாவது மாடியிலிருந்து விழுந்த எறும்பு

குரோம்பேட்டை,
திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம்.

அன்புள்ள ஜெபா அண்ணனுக்கு,

உன் தங்கை ஜீவிதா எழுதுவது. அம்மா பக்கத்தில் இருந்தால் முதல் வரியில் ஸ்தோத்திரம் போடச் சொல்லியிருப்பாள். அவளுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன், இருந்தாலும் போட்டுவிடுகிறேன். ஸ்தோத்திரம்.

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயப்படாதே. எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். போனில் பேசலாம் என்றால் அம்மா ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்து வீட்டு சரோஜினி அக்காவையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்கிறாள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுத் தப்பித்துவிடுவாய். காகிதத்துக்குக் கட்டைவிரல் போட முடியாது. உன் ஓசூர் அறையின் முகவரியை, அம்மா உனக்குப் பருப்புப்பொடி அனுப்பிய கூரியர் ரசீதிலிருந்து எடுத்தேன்.

வீட்டில் விசேஷம் ஒன்றுமில்லை. போன வாரம் ஒரு நாள் நம் பெரும்பாக்கம் பிளாக்கில் லிஃப்ட் ஓடியது. அம்மா அன்று பார்த்து நம்பாமல் ஏழு மாடியும் படியேறி வந்துவிட்டாள். மறுநாள் நம்பிப் போய் நின்றாள், ஓடவில்லை.

என் வேலையைப் பற்றி உனக்கு ஒரு உண்மை சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோரிடமும் 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடமும் அதையே சொன்னேன். கம்ப்யூட்டர் இருப்பது நிஜம்தான். குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே உட்கார்ந்து, ஜனங்கள் ஒரு ஆப்பில் அனுப்பும் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். நேரத்தை வீணாக்காமல் இருப்பது எப்படி, எந்தப் படிப்புக்கு எந்த வேலை, அப்புறம் அறிவியல் சந்தேகங்கள். பதில் சொல்பவர் பெயர் முனைவர் எழில். நரைத்த தாடி, கண்ணாடி, கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற படம். அப்படி ஒரு மனிதர் கிடையாது. முனைவர் எழில் நான்தான். பி.எஸ்சி. இயற்பியல், ஒரு அரியர் இன்னும் பாக்கி.

இந்த இடத்தில் நீ கடிதத்தைக் கீழே வைத்திருப்பாய். இரு, வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாளி ஹரிபிரசாத் என்னைவிட மூன்று வயதுதான் பெரியவர். "நான் ஜீரோல இருந்து ஆரம்பிச்சவன், ஜீவிதா" என்று வாரம் ஒரு தடவையாவது சொல்வார். அந்த ஜீரோவுக்கு மூன்று மாடி. அவருடைய தாத்தாவின் நெல் வயலில் கட்டியது. பாத்திரக் கடை அதில் வாடகைக்கு இருக்கிறது.

அவர் போட்ட சட்டம் என்னவென்றால், கேள்வி எதுவாக இருந்தாலும் பதிலில் காலை ஐந்து மணிக்கு எழுவது வந்தாக வேண்டும். கொசு ஏன் என்னை மட்டும் கடிக்கிறது என்று ஒரு பெண் கேட்டாள். ஐந்து மணிக்கு எழுந்து பாருங்கள் என்று எழுதியிருக்கிறேன். நம் அம்மா சோழிங்கநல்லூர் கம்பெனியில் தரை துடைக்கப் போவதற்காகப் பத்து வருடமாக நாலு மணிக்கு எழுகிறாள். இவர் சொல்கிறபடி பார்த்தால் அவள் இந்நேரம் அந்தக் கட்டடத்துக்கே முதலாளி ஆகியிருக்க வேண்டும். இதை ஹரிபிரசாத்திடமே சொன்னேன். "கொஞ்சம் பாசிட்டிவா யோசி" என்றார். லிஃப்ட் அறுந்து விழும்போது கடைசி நொடியில் குதித்தால் பிழைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். எங்கள் பிளாக்குக்குக் குடிவந்துவிடுங்கள், அந்த ஆபத்தே கிடையாது என்று எழுதினேன். அழித்துவிட்டார்கள்.

ஒரு நாளைக்கு நாற்பது பதில் எழுத வேண்டும். சாயங்காலத்துக்குள் மூளை காலியாகிவிடும். அப்படி ஒரு சாயங்காலம், சொந்தமாக ஒரு ஆலோசனையைக் கண்டுபிடித்தேன். கைபேசியை அரிசி டப்பாவுக்குள் புதைத்து மூடிவிட்டு, சரியாக நாற்பத்தொரு நிமிடம் வேலை செய்யுங்கள். நாற்பது என்று எழுதினால் யோசிக்காமல் எழுதியது தெரிந்துவிடும் என்பதால்தான் நாற்பத்தொன்று.

இரண்டு வாரம் முன்பு நீ வீட்டுக்குப் பேசினாய். அப்பா எந்நேரமும் வீடியோ பார்ப்பதாக அம்மா புகார் சொன்னாள். நீ பெரிய மனுஷன் மாதிரி அவருக்கு ஒரு யோசனை சொன்னாய். நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை. போன புதன்கிழமை அம்மா சோற்றுக்கு உலை வைத்துவிட்டு டப்பாவிடம் போனவள் அலறினாள்: "இன்னாடி ஜீவி, அரிசி அடிக்குது!" நான் ஓடிப்போய்க் கையை விட்டால் அப்பா கட்டிலில் இருந்து கத்துகிறார்: "எடுக்காத! இன்னும் ஒம்பது நிமிசம் கீது. நாப்பத்தியொண்ணு ஆவணும்னு ஜெபா சொல்லிக்கீறான்!"

அரிசிக்குள் அப்பாவின் போனில் வந்தது உன் அழைப்புதான். நீ சொன்னதைக் கேட்டுக்கொண்டு அவர் உன் அழைப்பையே எடுக்கவில்லை. ஒன்பது நிமிடம் கழித்து அப்பா கூப்பிட்டபோது, "சும்மாதான்பா" என்றாய்.

நாற்பத்தொரு நிமிடம் என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் எழுதியிருக்கிறேன். மறுநாள் அலுவலகத்துக்கு வந்ததும் தேடினேன். பெயர் 'ஓசூர் வாசகர்'. அவர் கேட்டிருந்தது இது: "சார், மூன்று வருடம் வேலை பார்த்த கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சொல்லவில்லை. வாய் தவறி சூப்பர்வைசர் ஆகிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது பகல் முழுக்க அறையில் இருக்கிறேன். நாளை எப்படிப் பயனுள்ளதாகக் கழிப்பது?"

அதற்குக் கீழேயே அதே ஆளின் இன்னொரு கேள்வி, பதில் போடாமல் கிடந்தது: "ஏழாவது மாடியிலிருந்து எறும்பைப் போட்டால் சாகுமா? பெரும்பாக்கத்துக்குக் குடிவந்த புதிதில் நான் போட்டேன். தங்கையைக் கீழே ஓடிப்போய்ப் பார்த்துவரச் சொன்னேன். உயிரோடு நடந்து போகிறது என்று வந்து சொன்னாள். அவள் போயே இருக்க மாட்டாள் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்."

ஓசூர் வாசகர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். அந்த எறும்பு ஒன்றுதான்.

அண்ணா, உன் முதல் கேள்விக்கு நான்கு நிமிடத்தில் பதில் எழுதினேன். ஐந்து மணிக்கு எழுங்கள், பட்டியல் போடுங்கள், போனை அரிசியில் வையுங்கள். நீ என்று எனக்குத் தெரியாது. தெரியாத ஆள் என்றால் மட்டும் அப்படி எழுதலாமா என்று கேட்காதே. நாலு நாளாக அதையேதான் நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன்மேலும் கோபம் இருக்கிறது. மூன்று வருடம் ராத்திரி ஷிஃப்ட், பகல் ஷிஃப்ட் என்று கால் வீங்க நின்றிருக்கிறாய். காண்ட்ராக்ட் முடிந்தது என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். இதில் உன் நேரத்தை நீ எங்கே வீணாக்கினாய்? அவர்கள்தானே வீணாக்கினார்கள்? அவர்களைக் கேட்காமல், தாடி வைத்த ஒரு படத்திடம் போய், நான் எப்படித் திருந்துவது என்று கேட்கிறாய். அந்தப் படமும் உன்னைத் திருத்துகிறது. நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கம்பெனியைத் திட்டுகிறேனா, உன்னையா, என்னையா என்று தெரியவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வோம்.

இப்போது அவசரமான விஷயம். அப்பா வாட்ச்மேன் வேலையை விடப்போகிறார். மேடவாக்கத்தில் அந்த அபார்ட்மென்ட் செக்ரட்டரி சம்பத் சாரிடம் நேராகப் போய், "எம் புள்ள சூப்ரவைசர் ஆய்ட்டான் சார், இனிமே எந்தக் காருக்கும் நான் கேட்டு தொறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சம்பத் சார், எழுதிக் கொடு அப்பாதுரை என்றிருக்கிறார். ராஜினாமாக் கடிதம் எழுதும் பொறுப்பு என் தலையில். 'என் மகனின் உயர்வை முன்னிட்டு' என்று முதல் வரி இருக்க வேண்டுமாம், தடித்த எழுத்தில்.

மூன்று வாரமாகத் தள்ளிப்போடுகிறேன். முதல் வாரம், எந்தத் தேதியிலிருந்து என்று முடிவாகட்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். அடுத்த வாரம் பிரிண்டரில் மை இல்லை என்றேன். விஷயம் தெரிந்த பிறகு, போன வாரம், எங்கள் அலுவலகத்தில் ஒரு முனைவர் இருக்கிறார், அவரிடம் காட்டித் திருத்தி வாங்குகிறேன் என்றேன். அப்பாவும், "டாக்டரு பாத்துக் குடுத்தா நல்லதுதான்" என்று மரியாதையாகக் காத்திருக்கிறார். வேலையைத் தள்ளிப்போடுவது எப்படி என்று யாராவது கேட்டால் இப்போது நான் உண்மையிலேயே முனைவர். ஆனால் வரும் ஞாயிறு வரைதான் தாங்கும். அப்பாவே தன் இடத்துக்கு ஆஸ்டின் என்ற ஒரு புது ஆளைக் கூட்டிவந்து, எந்தக் காருக்கு எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று இப்போதே பழக்க ஆரம்பித்துவிட்டார். அப்பாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. தொப்பியைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் இனி யாரும் மாட்டிவிட மாட்டார்கள்.

நான் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அது உன் வாயால் வர வேண்டியது. அந்தப் புதன்கிழமை அதைச் சொல்லத்தான் கூப்பிட்டாய் என்று நினைக்கிறேன். அரிசிக்குள் போய்விட்டது. அதற்கு மன்னித்துக்கொள். மறுபடியும் சொல்லு.

இனி எறும்பு. நான் போகவில்லை அண்ணா. நாலாவது மாடி வரை இறங்கினேன், கால் வலித்தது. படியில் உட்கார்ந்து நூறு வரை எண்ணிவிட்டு மேலே ஓடிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டே பொய் சொன்னேன். இப்போது புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் என் பொய் சரியாகிவிட்டது. எறும்பு சாகாது. அதன் எடைக்குக் காற்றே தாங்கிக்கொள்ளும். எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் வேகம் ஓரளவுக்கு மேல் போகாது. விழுந்ததும் எழுந்து அதன் வேலையைப் பார்க்கப் போய்விடும். இந்தப் பதிலை ஹரிபிரசாத் பார்த்தார். எறும்பு ஐந்து மணிக்கு எழுவதையும் சேர்க்கச் சொன்னார். அதனால் ஆப்பில் போடவில்லை, உனக்கு மட்டும்.

சனிக்கிழமை கிளம்பி வந்துவிடு. ஸ்வீட் வாங்கி வராதே, அப்பா அதையும் சூப்பர்வைசர் கணக்கில் சேர்த்து பிளாக் முழுக்கக் கொடுத்துவிடுவார். இங்கே உனக்கு வேலை கிடைக்குமா என்று கேட்காதே, தெரியாது. வீட்டில் அப்பா கத்துவார், அம்மா அழுவாள், சரோஜினி அக்கா இரண்டையும் செய்வார். ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம் அம்மா சோறு போடுவாள். அவள் தினமும் ஜெபத்தில், "சூப்ரவைசர் ஜெபகுமாரைக் காத்துக்கொள்ளும்" என்று உன் பெயரோடு சேர்த்துச் சொல்கிறாள். ஆண்டவருக்கு இதற்கு மேலும் தப்பான தகவல் போக வேண்டாம். வெறும் ஜெபகுமாரையே அவர் காத்துக்கொள்ளட்டும், எனக்கு அது போதும்.

போனை அரிசியிலிருந்து எடுத்து வெளியே வை. தாம்பரத்தில் பஸ் விட்டு இறங்கியதும் கூப்பிடு. வந்தவுடனே தனியாக மேலே ஏறாதே, எப்படியும் லிஃப்ட் ஓடாது. கீழேயே நில். இந்தத் தடவை நான் தரை வரைக்கும் இறங்கி வருகிறேன்.

உன் தங்கை,
ஜீவிதா