சிலுவைக் குறிக்குச் சாட்சி

லா தூன்,
6 செப்டம்பர் 1970

அன்புள்ள தம்பி எமெரிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு மன்னித்துக்கொள். நண்டு ஓடிய மணல் மாதிரி இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. ஆனால் யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைத்துவிடாதே. எழுதுவது நானேதான், உன் அண்ணன் பிளாசித், எழுபத்தொரு வயதில். இந்த நான்கு வரிக்குள் ஒரு கெண்டிக் காபி தீர்ந்துவிட்டது.

கோயில் கூடத்தில் மாலை வகுப்பு நடக்கிறது. இந்தக் கடற்கரையை அரசாங்கம் தேசியப் பூங்காவாக்கப் போகிறதல்லவா? வீட்டை விட்டுப் போகிறவர்களுக்கு நகரத்தில் வேலை கிடைக்க எழுத்து வேண்டுமாம். நான் எங்கேயும் போவதில்லை என்று சொல்லிவிட்டுத்தான் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"போகலைன்னா எதுக்குப் பெரியவரே வந்தீங்க?" என்று டீச்சர் கேட்டாள்.

"காபி சும்மா தர்றீங்களே, அதுக்குத்தான்" என்றேன். கூடமே சிரித்தது.

முதலில் வாசித்தது மாவு மூட்டை. பிறகு கல்லறைக்குப் போய் என் பெண்டாட்டி லியோனியின் பெயரை வாசித்தேன். எட்டு வருடமாகப் பூ வைக்கிற கல்லில் அவள் பிறந்த மாதம் இருப்பது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

இப்போது எழுத்து என்று கண்ணில் பட்டால் விடுவதில்லை. அடுத்தது அலமாரியில் கிடக்கும் காகிதங்கள். மார்ச்சில் பூங்கா அலுவலகத்து ஆள் வந்தபோது, "வீடு எத்தனைன்னு கணக்கெடுக்கிறாங்கண்ணே, கையெழுத்துக்குப் பதிலா ஒரு சிலுவை போடு" என்று நீ சொல்லி நான் குறி போட்டேனே, அதன் நகலும் இருக்கிறது. பெரிய பெரிய எழுத்து. எனக்கு நல்ல பயிற்சி.

உன் வீட்டுக்காரி கொரினின் இருமல் எப்படி இருக்கிறது?

உன் அண்ணன்,
பிளாசித், இலேரின் மகன், தமாஸின் பேரன்

* * *

மாங்டன்,
12 செப்டம்பர் 1970

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைக் கொரின் இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். அவளுக்கு நெஞ்சு இப்போது தேவலை. இங்கே அறை அறையாகக் கணப்பு இருக்கிறது. ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்.

அந்தப் பழைய காகிதங்களில் ஏன் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாய்? எல்லாம் அலுவலகத்து மொழி, டீச்சருக்கே புரியாது. வாரா வாரம் செய்தித்தாள் அனுப்புகிறேன், அதை வாசி. உனக்கென்று ஒரு அறை ஒழித்து வைத்திருக்கிறோம். குளிருக்கு முன் வந்துவிடு.

தம்பி,
எமெரி

* * *

லா தூன்,
20 செப்டம்பர் 1970

எமெரி,

காகிதத்தை வாசிக்க ஆறு நாள் ஆயிற்று. தெரியாத சொற்களைத் தனியாக எழுதிக் கொண்டுபோய் டீச்சரிடம் கேட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. கணக்கெடுப்பு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. வீட்டையும் நிலத்தையும் அக்டோபருக்குள் ஒப்படைக்கச் சம்மதம் என்று இருக்கிறது. அடியில் என் சிலுவை. அதன் பக்கத்தில், 'வாசித்துக் காட்டினேன், சாட்சி' என்று உன் கையெழுத்து. அழகான கையெழுத்து உனக்கு.

வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்குப் போய், எனக்குச் சம்மதம் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். நம் ஊரில் என்னைத் தவிர இன்னும் இரண்டு பிளாசித் இருக்கிறார்களே, குழப்பம் வேண்டாம் என்று அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா வரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"பெரியவரே, கையெழுத்து கட்டத்துக்குள்ள இருக்கணும்" என்றான் அங்கிருந்த அதிகாரி.

"கட்டத்தைப் பெரிசாப் போடு. நாங்க அத்தனை பேரும் இதுக்குள்ள அடங்க மாட்டோம்."

அவன் சிரித்தான். நல்லவன்தான். பிறகு சட்டத்தைச் சொன்னான். சாட்சி நேரில் வந்து, வாசித்துக் காட்டவில்லை என்று சொன்னால்தான் சிலுவை செல்லாதாம். அக்டோபர் முதல் தேதி, வியாழக்கிழமை, நான்கு மணி வரை நேரம்.

அப்பா சொல்வாரே, இருநூறு வருடத்துக்கு முந்தைய கிரெகுவார் பாட்டனின் கதை. ஆண்களையெல்லாம் கோயிலுக்குள் வரவழைத்து, கதவை அடைத்து, ஆங்கிலேயன் காகிதத்தை வாசித்தான். நிலமும் மாடும் அரசனுக்கு, நாடு கடத்தும் கப்பல் உங்களுக்கு. அதை நம் பிரெஞ்சுப் பேச்சில் எடுத்துச் சொன்னவன் நம் மேசையில் சாப்பிட்டவன். பாட்டன் பதினோரு வருடம் கழித்துப் பாஸ்டனிலிருந்து நடந்தே வந்து இந்த மணலில் குடிசை போட்டார். சொன்னவன் பெயரை மட்டும் அப்பா வாயால் சொன்னதில்லை.

அவனாவது காகிதத்தில் உள்ளதைச் சொன்னான், எமெரி.

வியாழக்கிழமை வா.

பிளாசித்

* * *

மாங்டன்,
25 செப்டம்பர் 1970

அண்ணே,

பொய் சொன்னேன். மறைக்க ஒன்றுமில்லை.

நிலம் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. இரண்டு மகன்களும் ஒப்படைக்கச் சம்மதித்தால்தான் யாருக்காவது நகரத்தில் வீடு என்றார்கள். போன குளிர்காலத்தில் கொரின் கைக்குட்டையில் இரத்தம் துப்பினாள். பனியில் ஆஸ்பத்திரி வண்டி வர இரண்டு நாள் ஆயிற்று. உனக்கு வாசித்துக் காட்டியிருந்தால் பேனாவைக் கடலில் எறிந்திருப்பாய். "அவன் போனா போகட்டும், நான் இருக்கேன்" என்றிருப்பாய். நீ இருந்தால் அவள் போய்விடுவாள்.

நான் வந்து உண்மையைச் சொன்னால் இந்த வீடு போகும். கொரினுக்கு எதுவும் தெரியாது. நீ மனசார ஒத்துக்கொண்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். உனக்காகத் தினமும் அந்த அறையைப் பெருக்குகிறாள்.

பஸ் நேரம் பார்த்து வைத்திருக்கிறேன். ஏறுவேனா என்று எனக்கே தெரியவில்லை.

எமெரி

* * *

லா தூன்,
4 அக்டோபர் 1970

தம்பி எமெரிக்கு,

நான்கு மணி வரை அலுவலக வாசலில் நின்றேன். இரண்டு பஸ் வந்தது. இரண்டிலும் கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்தேன். அதிகாரி தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்தான், பசித்தது, சாப்பிட்டேன்.

உன்மேல் கோபமாக ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தேன். வாயால் என்றால் ஒரு மூச்சில் திட்டியிருப்பேன். எழுத்தில் ஒரு வசவு முடிவதற்குள் காபி ஆறிவிடுகிறது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை இங்கே உன் பழைய வீட்டை இடித்தார்கள். அதைத்தான் எழுத வேண்டும். காலை ஒன்பதுக்கு இயந்திரம் வந்தது. ஓட்டியவன் நம் ஆள், மார்த்தியாலின் மருமகன்.

"தள்ளி நில்லுங்க மாமா, ஆணி தெறிக்கும்."

"தெறிக்கட்டும். நான் சாட்சிக்கு நிக்கிறேன்."

"எதுக்குச் சாட்சி?"

"இங்க ஒரு வீடு இருந்ததுக்கு. வீட்டுக்காரன் வரலை."

அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு சிகரெட் முழுக்கப் புகைத்தான். பிறகு ஆரம்பித்தான். இருபது நிமிடம்கூட ஆகவில்லை. முதலில் கூரை, அப்புறம் வடக்குச் சுவர். படுக்கையறையில் கொரின் ஒட்டிய நீலப் பூக் காகிதத்தில் வெயில் விழுந்தது. இவ்வளவு நல்ல நீலமா என்று நினைத்தேன். இதை அவளிடம் சொல். நமக்குள் இருக்கும் கணக்கைச் சொல்ல வேண்டாம். நான் மனசார ஒத்துக்கொண்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பது அப்படியே இருக்கட்டும்.

அந்த அறையை எனக்காக வைத்திருக்க வேண்டாம். குளிர் காலத்தில் துணி உலர்த்த இடம் வேண்டியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்கு வருகிறார்களாம். மார்த்தியாலின் மருமகன் அன்றைக்கு வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான், வேறு ஆள் வருவான். நான் உள்ளே, சமையலறை மேசையில் இருப்பேன். வாசிக்க நீ அனுப்பிய செய்தித்தாள் இன்னும் பாதி இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு எழுதுவேன். எந்த இடத்திலிருந்து என்று மேலே முதல் வரியில் போட்டிருப்பேன்.

பிளாசித், இலேரின் மகன்